வலி மாத்திரைக்கு ஏன் டாக்டர் சீட்டு? மெடிக்கல் ஷாப் விதிகளுக்கு அடித்தளம் போட்ட கர்னல் சோப்ராவின் கதை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி மெடிக்கல் ஷாப்புகளிலும் கூட்டம் கூடிவிடும். அருவிக்கரையில் வழுக்கி விழுந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் ஒரு பக்கம். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றி, கழுத்தும் இடுப்பும் பிடித்துப்போன பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோருக்கும் தேவை ஒன்றுதான்: சட்டுனு வலி நிற்கணும்.

பாராசிட்டமால் கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதுவே டிரமடால், டபென்டடால் என்று பெயர் சொல்லிக் கேட்டால், கவுண்டரில் இருப்பவர் முதலில் டாக்டர் சீட்டைக் கேட்பார். சீட்டு இல்லையென்றால் கொடுக்கக் கூடாது என்பதுதான் சட்டம். வலியோடு நிற்பவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஒரு அட்டை மாத்திரைக்கு இத்தனை விசாரணையா என்று தோன்றும்.

இந்த விசாரணைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. அவர் கர்னல் சர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர். மருந்துக் கடையை யார் நடத்தலாம், மருந்தை யார் கொடுக்கலாம் என்ற கேள்வியை நாடு முழுக்கப் போய்க் கேட்ட குழுவின் தலைவர். அபின் பழக்கத்தை ஆய்வகத்திலும் ஊர் ஊராகவும் ஆராய்ந்தவரும் அவரேதான்.

முதலில், அபின் வகை மருந்து என்றால் என்ன?

நாம் குழம்பில் அரைத்து ஊற்றும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து கிடைப்பவை மார்பினும் கோடீனும். மார்பின் கடுமையான வலிக்கு, முக்கியமாகப் புற்றுநோய் வலிக்கு. கோடீன் வலிக்கும் இருமலுக்கும் பயன்படுகிறது.

டிரமடால், டபென்டடால் இரண்டும் செடியிலிருந்து வருபவை அல்ல, ஆலையில் தயாராகின்றன. ஆனால் மூளையில் அபின் தொடும் அதே இடத்தைத்தான் இவையும் தொடுகின்றன. அதனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் ஓபியாய்டு.

இவற்றின் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் இருக்கிறது. வலியைக் குறைக்கும். அதே நேரத்தில் தூக்கத்தை வரவழைக்கும், குடலை மந்தமாக்கும், அளவு மீறினால் மூச்சையே நிறுத்திவிடும். தொடர்ந்து எடுத்தால் உடல் அதற்குப் பழகிவிடும்.

குஜ்ரன்வாலாவில் இருந்து கேம்பிரிட்ஜ் வரை

ராம்நாத் சோப்ரா பிறந்தது 1882 ஆகஸ்ட் 17. ஊர் குஜ்ரன்வாலா, இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு 1903-ல் கேம்பிரிட்ஜ் போனார்.

அங்கேதான் திருப்பம். மருந்து உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைச் சோதனை மூலம் கண்டறியும் மருந்தியல் அப்போது புதிய துறை. அதில் பேர்பெற்ற வால்டர் டிக்சனிடம் சோப்ரா வேலை கற்றுக்கொண்டார். ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்பதை ஊர்ப்பேச்சை வைத்து முடிவு செய்யாமல், அளந்து பார்த்து முடிவு செய்யும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது.

1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். இது பிரிட்டிஷ் ஆட்சியின் ராணுவ மருத்துவர்களைக் கொண்ட பணி. முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்காவிலும், பிறகு ஆப்கான் போரிலும் பணியாற்றினார்.

1921-ல் கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, அங்கே முதல் மருந்தியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அடுத்த 20 ஆண்டுகள் அவருடைய களம் அதுதான். பின்னாளில் அதன் இயக்குநராகவும் ஆனார்.

அபின் விற்ற கடையும், சோப்ரா கண்டதும்

அந்தக் காலத்தில் அபின் மறைவாக விற்ற பொருள் அல்ல. அரசே பாப்பிச் செடியை வளர்க்க வைத்து, உரிமம் பெற்ற கடைகளில் விற்றது. சாராயத்தைப் போல அதுவும் கலால் வருமானம். கடைக்காரருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. வாங்குபவர் சீட்டு கொண்டுவர வேண்டியதும் இல்லை.

சோப்ராவும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 1920-களில் தொடங்கி அபின் சாப்பிடுபவர்களை நேரில் பார்த்து ஆராய்ந்தார்கள். எதற்காகத் தொடங்கினீர்கள், எவ்வளவு எடுக்கிறீர்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். பிற்காலத்தில் மகன் ஐ.சி. சோப்ராவும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார்.

கிடைத்த பதில் பலரும் நினைத்ததற்கு மாறாக இருந்தது. அபினைத் தொட்டவர்களில் நிறைய பேர் போதைக்காகத் தொடங்கவே இல்லை. மூட்டு வலி, இருமல், வயிற்றுப்போக்கு, கடும் உழைப்பின் அசதி என்று ஏதோ ஒரு உபாதைக்காகத்தான் தொடங்கியிருந்தார்கள். கிராமத்தில் மருத்துவர் இல்லை. அபின் கடை இருந்தது. முதலில் மருந்து, பிறகு பழக்கம், அதன்பிறகு அது இல்லாமல் முடியாது என்ற நிலை. இப்படிப் பாதி மருந்தாகவும் பாதி பழக்கமாகவும் நாடு முழுக்கப் பரவியிருந்த அபின் பயன்பாட்டைப் பற்றி தந்தையும் மகனும் 1955-ல் ஐ.நா.வின் போதைப்பொருள் இதழில் விரிவாக எழுதினார்கள்.

அவர்கள் பதிவு செய்ததில் மனதை உலுக்குவது குழந்தைகளின் நிலை. வேலைக்குப் போகும் தாய்மார், பிள்ளை அழாமல் தூங்கட்டும் என்று துளி அபின் கொடுத்தார்கள். பல் முளைக்கும்போதும், இருமலுக்கும், வயிற்றுப்போக்குக்கும் கொடுத்தார்கள். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் செய்த வேலை அல்ல இது. அதன் ஆபத்தைச் சொல்ல பக்கத்தில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

மலேரியாவுக்கு அபின் நல்லதா?

அபின் சாப்பிட்டால் மலேரியா அண்டாது என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது. 1890-களில் அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் முன்பே அப்படிச் சாட்சி சொன்னவர்கள் உண்டு. அபின் வியாபாரத்துக்கு அது வசதியான வாதம்.

சோப்ரா குழு அதைச் சோதித்துப் பார்த்தது. மலேரியாக் கிருமியை அழிக்கும் தனிச் சக்தி அபினுக்கு இல்லை என்பதுதான் முடிவு. காய்ச்சலின் உடல்வலியை மறக்கடிக்கும், நோயைக் குணமாக்காது. வலி போய்விட்டது என்பதற்காக நோயும் போய்விட்டதாக அர்த்தம் இல்லை என்று இன்றைக்கு மருந்தாளுநர்கள் சொல்வதும் இதே பாடத்தைத்தான்.

அபினுக்கு அடிமையானவர்களை சோப்ரா குற்றவாளிகளாகப் பார்க்கவில்லை. நோயாளிகளாகச் சேர்த்து சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். லெசித்தின், குளுக்கோஸ் என்று அவர் முயன்ற முறைகள் இன்று வழக்கத்தில் இல்லை. ஆனால் பழக்கத்துக்கு ஆளானவருக்குத் தேவை சிகிச்சை என்ற பார்வை நிலைத்துவிட்டது.

போலி குயினைன் கிளப்பிய புயல்

1920-களில் இந்திய மருந்துச் சந்தை காட்டாறு மாதிரி. மலேரியாவுக்கு ஒரே கதியாக இருந்த குயினைனிலேயே கலப்படம். மாத்திரையில் இருக்க வேண்டிய அளவு இல்லை. சிலவற்றில் மருந்தே இல்லை. 1927-ல் மத்திய சட்டமன்றத்தின் மேலவையில் இந்தப் பிரச்சினை தீர்மானமாகவே வந்தது.

அதன் தொடர்ச்சியாக 1930 ஆகஸ்டில் அரசு ஒரு மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் சோப்ரா. குழு பல மாகாணங்களில் சாட்சியம் வாங்கியது. 1931-ல் அறிக்கை வந்தது.

குழுவின் வேலை கலப்படத்தைப் பார்ப்பது மட்டுமல்ல. மருந்தைக் கலந்து கொடுப்பவர் யார் என்பதையும் பார்த்தது. அப்போது யார் வேண்டுமானாலும் மருந்துக் கடை போடலாம். படிப்பு வேண்டாம், பதிவு வேண்டாம். நல்ல மருந்தே வந்தாலும், அதைப் புரிந்து கொடுக்கத் தெரியாதவர் கையில் அது ஆபத்து.

குழு கேட்டவை சுருக்கமாக:

- நாடு முழுவதற்கும் ஒரே மருந்துச் சட்டம்
- தரத்தைச் சோதிக்க அரசு ஆய்வகங்கள்
- மருந்தாளுநர்களுக்கு முறையான படிப்பும் பயிற்சியும்
- படித்தவர்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு

பரிந்துரை சட்டமாக 17 ஆண்டுகள்

அறிக்கை வந்த மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. 1937-ல் கல்கத்தாவில் மருந்துத் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகம் சோப்ரா தலைமையில் தொடங்கியது. அதே ஆண்டு வந்த மசோதா இறக்குமதி மருந்துகளை மட்டும் தொட்டது. அது போதாது என்ற குரல் எழுந்தது. கடைசியில் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி மூன்றையும் சேர்த்து 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. விதிகள் 1945-ல் வந்தன.

மருந்தாளுநர் பக்கம் இன்னும் தாமதம். சுதந்திரம் கிடைத்த பிறகு, 1948-ல்தான் பார்மசி சட்டம் நிறைவேறியது. இதன் 42-வது பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அபின் கடைகளும் மெல்ல மூடப்பட்டன. மருத்துவம், ஆராய்ச்சி தவிர வேறு எதற்கும் அபின் விற்பதை 1959-க்குள் நிறுத்துவது என்று சுதந்திர இந்தியா முடிவெடுத்தது. கலால் கடைக் கவுண்டரில் இருந்த பொருள், மருத்துவமனைக்கும் மருந்தாளுநரின் பூட்டிய அலமாரிக்கும் மாறியது.

மூலிகைகளையும் அளந்து பார்த்தவர்

சோப்ராவை அபினோடு மட்டும் சேர்த்து நினைத்தால் பாதிக் கதைதான். நம் நாட்டு மூலிகைகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முன்னோடி. 1933-ல் இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் வெளியானது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சர்ப்பகந்தி, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை நிறுவிய தொடக்கக்கால ஆய்வுகளில் அவருக்கும் பங்கு உண்டு. 1956-ல் மற்ற இருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட மூலிகை அகராதி, இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டும் நூல்.

இயற்கை என்பதால் தீங்கில்லை என்றோ, நாட்டு மருந்து என்பதால் பயனில்லை என்றோ அவர் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தார்.

குற்றாலத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். அருவிக்குப் போகும் வழியெல்லாம் மூலிகை, தைலம், சூரணக் கடைகள். சித்த மருந்தும் இங்கிலீஷ் மருந்தும் ஒரே வீட்டில், ஒரே ஆளுக்கு ஓடுவது இங்கே சாதாரணம். அபின் வகை மாத்திரை எடுப்பவர், கூடவே தூக்கம் வரவழைக்கும் சூரணமோ லேகியமோ சாப்பிட்டால் மயக்கம் இரட்டிப்பாகலாம். எதைச் சாப்பிடுகிறோம் என்பதை மருந்தாளுநரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது அதனால்தான்.

காஷ்மீரில் கடைசிக் காலம்

1941-ல் சோப்ராவுக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு கல்கத்தாவில் ஓய்வு பெற்றார். ஆனால் ஓய்வெடுக்கவில்லை. ஜம்மு காஷ்மீருக்குப் போய் மருத்துவத் துறையையும் மருந்து ஆராய்ச்சி ஆய்வகத்தையும் நடத்தினார். 1946-ல் நாட்டு மருத்துவ முறைகளை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கும் அவரே தலைவர்.

1965-ல், 80 வயதைத் தாண்டிய பிறகு, மகனுடன் சேர்ந்து இந்தியாவில் போதைப் பழக்கம் பற்றிய நூலை வெளியிட்டார். 1973 ஜூன் 13-ல் ஸ்ரீநகரில் காலமானார். பத்து ஆண்டுகள் கழித்து அவர் உருவத்துடன் அஞ்சல் தலை வெளியானது.

அவருக்குப் பிறகு: இறுக்கிய கயிறு, தளர்ந்த முடிச்சு

1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலைத் தடுக்க வந்த சட்டம், வலியில் துடித்தவர்களையும் தாக்கியது. பல உரிமங்கள், கடுமையான தண்டனை. இதற்குப் பயந்து மருத்துவமனைகளும் கடைகளும் மார்பினைக் கைவிட்டன. 1985-ல் சுமார் 716 கிலோவாக இருந்த நாட்டின் மார்பின் பயன்பாடு, 1997-ல் சுமார் 18 கிலோவாகச் சரிந்தது. உலகுக்கே சட்டப்படி அபின் விளைவித்துக் கொடுக்கும் நாட்டில், புற்றுநோயாளிக்கு ஒரு மார்பின் மாத்திரை கிடைக்காத நிலை.

2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உள்ளிட்ட அத்தியாவசிய மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே நடைமுறை வந்தது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் இவற்றை வைத்துக்கொள்வது எளிதானது.

அதே 2014 மார்ச்சில் ஹெச் 1 பட்டியலும் நடைமுறைக்கு வந்தது. டிரமடால், கோடீன், பென்டசோசின் போன்றவை இதில் உண்டு. இவற்றைக் கொடுத்தால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் டிரமடால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வந்தது. டபென்டடாலை இளைஞர்கள் போதைக்காகப் பயன்படுத்துவதாகத் தமிழ்நாட்டில் தொடர்ந்து வழக்குகள் பதிவாகின்றன. அதனால்தான் கடைக்காரர்கள் இப்போது கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கிறார்கள்.

கவுண்டரில் நடக்க வேண்டியது என்ன?

சீட்டை வாங்கிப் பார்ப்பதோடு மருந்தாளுநரின் வேலை முடிவதில்லை. நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் அவர் கடமை என்று 2015-ல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் சொல்கின்றன. நீங்களும் கேட்கலாம், கேட்கணும்.

- வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? தூக்க மாத்திரை, மன அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். டிரமடால் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.
- மது வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். சீசனுக்கு வந்து அருவியில் குளித்துவிட்டு, வலிக்கு மாத்திரையும் போட்டு மதுவும் குடிப்பது உயிரோடு விளையாடுவது.
- வண்டி ஓட்டாதீர்கள். மாத்திரை போட்டுவிட்டு புளியரை வழியாக மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடிப்பது ஆபத்து.
- மலச்சிக்கல் வரும். தண்ணீர், காய்கறி, கீரை கூட்டுங்கள். சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.
- அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். பல நாள் எடுத்த பிறகு திடீரென நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.
- பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். உங்களுக்குச் சரியான அளவு, பழக்கமில்லாத இன்னொருவருக்கு அளவு மீறியதாகலாம். மிச்ச மாத்திரை குழந்தை கைக்கு எட்டக் கூடாது.
- கோடீன் உள்ள இருமல் மருந்தை 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளை தூங்கட்டும் என்று அன்று கொடுத்த துளி அபினின் இன்றைய வடிவம் இது.

மாத்திரை எடுத்தவரை எழுப்ப முடியவில்லை, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

மறுக்கவும் தெரியணும், கொடுக்கவும் தெரியணும்

ஒரே ஆள் வேறு வேறு டாக்டர் சீட்டோடு அடிக்கடி வருகிறார், மாத்திரை நாளுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது என்றால் மருந்தாளுநர் அதைக் கவனிக்க வேண்டும். மிரட்டித் துரத்துவது தீர்வல்ல. டாக்டருக்குத் தகவல் சொல்லலாம், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐக் கொடுக்கலாம். அது கட்டணமில்லா எண்.

சரியான சீட்டோடு வரும் புற்றுநோயாளியின் மகனையோ, அறுவை சிகிச்சை முடிந்த பெண்ணையோ சந்தேகப் பார்வையில் திருப்பி அனுப்புவதும் தவறுதான். தன் கடையில் இல்லாத மருந்து எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டினாலே பெரிய உதவி.

சோப்ராவின் ஆய்வுகள் காட்டியது இதைத்தான்: வலி வந்தவன் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைத்தான் எடுப்பான். நூறு ஆண்டுகளுக்கு முன்பு கிராமத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது, எதையும் கேட்காமல் விற்ற அபின் கடை. இன்று ஆலங்குளத்திலும் கடையநல்லூரிலும் செங்கோட்டையிலும் பக்கத்தில் இருப்பது, படித்துப் பதிவு பெற்ற ஒருவர் நிற்க வேண்டிய மெடிக்கல் ஷாப். அவர் உண்மையிலேயே அங்கே நின்று, நாலு கேள்வி கேட்டு, நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்தால்தான் அந்த மாத்திரை மருந்தாகவே இருக்கும்.